நீரைக் குறியாக்கிய மாணவி

தமிழில் 'வீடு' என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. ஒன்று மனிதர் குடியிருக்கும் இல்லம், மற்றொன்று சமய நூல்கள் முத்தி என்று குறிக்கும் விடுதலை. 'விடு' என்னும் வினையடி நீண்டு பிறந்ததால் இலக்கணத்தார் இதனை முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்பர். இச்சொல்லுக்குப் பக்கத்தில் 'பாசம்' என்பதையும் வைத்துப் பார்த்தால் சிக்கல் இன்னும் இறுகும். ஏனெனில் பேச்சுவழக்கில் தாய் பிள்ளைமீது வைக்கும் அன்புக்குப் பெயரான அதே சொல், சைவ சித்தாந்தத்தில் உயிரைக் கட்டிவைக்கும் கயிற்றுக்குப் பெயராகி, ஆணவம், கன்மம், மாயை ஆகிய மும்மலங்களையும் சேர்த்துச் சுட்டுகிறது. படிப்பதற்காக ஊரை விட்டுச் செல்லும் மாணவர் தம் பெட்டியின் அடியில் வைத்து எடுத்துப் போகும் சிறு பொருள்கள், பிறர் கண்ணுக்கு ஒன்றுமில்லாத ஒரு தம்ளரோ, ஒரு பழைய புடவையோ, ஒரு திருநீற்றுப் பொட்டலமோ, இந்த இரு சொற்களும் தம் இரட்டைப் பொருளோடு மோதிக்கொள்ளும் இடத்தில் இருக்கின்றன. கல்வி ஒருவகை விடுதலை என்றால், பழையதைக் கையில் இறுகப் பிடித்திருப்பவருக்கு அது கைகூடுமா என்பதே இங்கு எழும் கேள்வி.

திருச்சிராப்பள்ளிக்கு இக்கேள்வி மிகவும் பொருந்தும். நாகப்பட்டினத்தில் 1844-இல் தொடங்கி 1883-இல் இங்கே இடம்பெயர்ந்த புனித வளனார் கல்லூரி, 1919-இல் எழுந்த தேசியக் கல்லூரி, 1951-இல் தொடங்கிய ஜமால் முகமது கல்லூரி, 1964-இல் துவாக்குடியில் மண்டலப் பொறியியல் கல்லூரியாக அமைந்து இன்று தேசிய தொழில்நுட்பக் கழகமாக இருக்கும் நிறுவனம் என்று, வெளியூர்ப் பிள்ளைகளை விடுதிகளில் இருத்திப் படிக்கவைப்பது இந்நகரத்தின் நெடுநாள் வேலை. இராமேசுவரத்துப் பிள்ளையான அப்துல் கலாம் 1950-களின் தொடக்கத்தில் புனித வளனார் கல்லூரி விடுதியில் தங்கிப் படித்தது ஊரறிந்த செய்தி. ஆனால் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவில், திருவரங்கத்துக்குக் கிழக்கே இருக்கும் திருவானைக்காவலின் தலபுராணத்தைக் கேட்டவர்கள், இந்த வட்டாரத்துக்குப் படிக்க வந்த முதல் வெளியூர் மாணவி அக்கோயிலின் அம்மையான அகிலாண்டேசுவரியே என்று சொன்னால் அது மிகையாகாது.

கயிலையில் சிவபெருமானின் யோகத்தை அம்மை எள்ளி நகைத்ததாகவும், அதனால் மண்ணுலகு சென்று தவமிருக்குமாறு அனுப்பப்பட்டதாகவும், வெண்ணாவல் மரங்கள் நிறைந்த இந்தக் காட்டுக்கு வந்து காவிரி நீரைக் கையால் திரட்டி இலிங்கமாக்கி வழிபட்டதாகவும், பின்னர் இறைவன் குருவாக வந்து ஞானம் உரைத்ததாகவும் அக்கதை செல்லும். ஐம்பூதத் தலங்களுள் இது நீருக்கு உரியது; நீரைக் குறிக்கும் அப்பு என்னும் வடசொல்லால் அப்புத்தலம் எனப்படும். சுவாமி மேற்கு நோக்கியும் அம்பாள் கிழக்கு நோக்கியும் குருவும் மாணாக்கியும்போல் எதிரெதிரே இருப்பதால் உபதேசத் தலம் என்ற பெயரும் இதற்கு உண்டு.

இக்கதையில் ஊன்றிக் கவனிக்க வேண்டியது நிகழ்ச்சிகள் வரும் வரிசை. வந்தவுடன் அம்மை பாடம் கேட்க உட்காரவில்லை. யாரைப் பிரிந்து வந்தாளோ அவருக்கு ஓர் அடையாளத்தை முதலில் தன் கையால் செய்துகொண்டாள். வீட்டிலிருந்து கொண்டுவந்த பொருளால் அதைச் செய்ததாகவும் கதையில் இல்லை. வந்த இடத்தில் கைக்கெட்டும் தூரத்தில் எது ஓடிக்கொண்டிருந்ததோ அதைக்கொண்டு, அதுவும் பிடிக்கப் பிடிக்க விரலிடுக்கில் வழிந்துபோகும் ஒன்றைக்கொண்டு செய்தாள். உபதேசம் அதன் பின்னரே வந்தது. பிரிவுக்கு ஓர் உருவம் கொடுத்த பிறகே கற்பதற்கு மனம் ஒருப்படும் என்று புராணம் கருதியதாகக் கொண்டால், நினைவுப்பொருள் கல்விக்குப் பகை என்ற முடிவுக்கு அவசரப்பட்டு வர இயலாது.

இலிங்கம் என்னும் சொல்லுக்கே அடையாளம், குறி என்னும் பொருள் உண்டு. மலையில் எழும் புகையைக் கண்டு அங்கே தீ உண்டு என்று துணியும்போது, அந்தப் புகையைத் தருக்க நூலார் இலிங்கம் என்பர். காணப்படும் ஒன்று காணப்படாத ஒன்றை உணர்த்துவதால் அப்பெயர் வந்தது. கௌதமர் பெயரால் வழங்கும் நியாய சூத்திரம், நினைவு எழுவதற்கான காரணங்களை ஒரே சூத்திரத்தில் நெடும் பட்டியலாக அடுக்கும் இடத்தில் இலிங்கத்தையும் ஒரு காரணமாகச் சேர்க்கிறது. அதே பட்டியலில் பயிற்சியும் ஒப்புமையும் இன்பமும் துன்பமும் அச்சமும் இருக்கின்றன; வியோகம், அதாவது பிரிவும் இருக்கிறது. பிரிவை நினைவின் தடைகளுள் ஒன்றாக எண்ணாமல் அதன் காரணங்களுள் ஒன்றாக எண்ணியது அந்நூலின் நுட்பம். அனுபவம் மனத்தில் விட்டுச்செல்லும் சுவட்டை இம்மரபினர் சம்ஸ்காரம் என்றனர். நினைவு அதில் உறங்கிக் கிடக்க, குறி அதைத் தட்டி எழுப்புகிறது. இதன்படி நினைவு பொருளுக்குள் குடியிருப்பதில்லை, வைத்திருப்பவரிடமே இருக்கிறது. அதே அறையில் இருக்கும் மற்றொரு மாணவர் அப்பொருளைக் கையில் எடுத்தால் அவருக்கு எதுவும் எழாது.

திருவானைக்காவலின் பெயருக்கே காரணமான யானையின் கதையில் இந்த உண்மை கொஞ்சம் கொடுமையாகவே சொல்லப்பட்டிருக்கிறது. நாவல் மரத்தடியில் இருந்த இலிங்கத்தின்மேல் சருகு விழாதபடி சிலந்தி வலை பின்ன, நீரும் பூவும் கொண்டுவந்த யானை அந்த வலையைக் குப்பையென்று அழிக்க, இந்தப் பகை முற்றி இரண்டும் மடிந்தன என்பர். சிலந்தியே மறுபிறப்பில் கோச்செங்கட் சோழனாகி, யானை ஏற முடியாத மாடக்கோயில்களைக் கட்டினான் என்பது கதையின் மீதி. ஒருவருடைய பூசை மற்றவர் கண்ணுக்கு ஒட்டடை. விடுதி அறையைப் பகிர்ந்துகொண்டு வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எவர்சில்வர் தம்ளர் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். பாத்திரக் கடையில் வாங்கிய கையோடு புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டித் தருவது தமிழ்நாட்டு வழக்கம். சீராக வந்த பாத்திரமாக இருந்தால், எடுத்துப் போகும் பிள்ளையின் பெயருக்குப் பதிலாக அவன் தாயின் பெயரோ தாய்மாமன் பெயரோ ஒரு தேதியோடு அதில் இருக்கும். ஆகவே விடுதியில் காப்பி குடிக்க அவன் வைத்திருக்கும் தம்ளரில் அவன் பிறப்பதற்கு முந்தைய நாள் ஒன்று எழுதப்பட்டிருக்கிறது. விளிம்பில் சற்று நெளிந்திருந்தால், அது யார் கையிலிருந்து எப்போது விழுந்தது என்பதும் வீட்டார்க்குத் தெரியும். நூல் புடவையின் கதை வேறு. துவைத்துத் துவைத்து மெலிந்து, உடுத்த இயலாத நிலைக்கு வந்தபின்பே அது இரண்டாக மடிக்கப்பட்டுப் பிள்ளைக்குப் போர்வையாகிறது. புதுப் புடவையை எந்தத் தாயும் போர்வையாகக் கொடுத்தனுப்புவதில்லை, கொடுத்தாலும் அது அந்த வேலையைச் செய்யாது.

ஏன் செய்யாது என்பதற்குப் பௌத்தரின் பாலி மொழி மரபில் ஒரு விளக்கம் கிடைக்கிறது. சாதகக் கதைகளுள் ஒன்றான காலிங்கபோதி சாதகத்தின் முன்னுரையில், புத்தர் வெளியூர் சென்றிருந்த வேளையில் பூக்களோடு ஜேதவனத்துக்கு வந்தவர்கள், வழிபட யாருமின்றி அவருடைய அறைவாயிலில் பூக்களை வைத்துவிட்டுத் திரும்பிய குறை பேசப்படுகிறது. இதற்கு என்ன செய்யலாம் என்று அவருடைய சீடர் ஆனந்தர் கேட்கும்போது, வணங்கத்தக்க நினைவுச்சின்னங்கள் மூவகை என்று வகுக்கப்படுகின்றன: உடலின் பகுதியாகிய சாரீரிகம், ஒருவர் பயன்படுத்தியதாகிய பாரிபோகிகம், அவரை எண்ணி அமைத்ததாகிய உத்தேசிகம். முதலாவது மறைவுக்குப் பின்னரே உரியது என்றும், மூன்றாவது மனத்தின் பாவனையை மட்டும் சார்ந்திருப்பதால் அடித்தளம் அற்றது என்றும் விலக்கப்பட, அவர் அமர்ந்து ஞானம் பெற்ற போதிமரம், அவர் பயன்படுத்திய பொருள் என்னும் முறையில், அவர் உயிரோடிருக்கும்போதே வணங்கத் தக்கதாகிறது. அதன் வித்து ஜேதவன வாயிலில் நடப்பட்டு ஆனந்தபோதி என்று பெயர் பெற்றது. இந்த வகுப்பை விடுதி அறைக்குக் கொண்டுவந்தால், கைப்பேசியில் இருக்கும் புகைப்படம் உத்தேசிகம், தம்ளரும் புடவையும் பாரிபோகிகம். தாயின் முகத்தை நாள்தோறும் காணொளி அழைப்பில் காணும் மாணவரும் அந்தப் புடவையை விட்டுவிடவில்லை என்பதிலிருந்து, முகத்தைக் காட்டுவது ஒரு வேலை, புழங்கிய பொருள் செய்வது வேறொரு வேலை என்பது தெளிவாகும்.

அந்த வேறொரு வேலை என்ன என்பதைத் திருவரங்கத்தில் வழங்கும் ஒரு செய்தியைப்போல வேறெதுவும் விளக்குவதில்லை. 1323-இல் தில்லி சுல்தானியப் படை திருவரங்கத்தைத் தாக்கிய காலத்தில், வைணவ ஆசாரியரான பிள்ளை லோகாசாரியார் முதலானோர் பெருமாளின் உற்சவத் திருமேனியை, அதாவது விழாக்காலத்தில் வீதிக்கு எழுந்தருளும் திருவுருவத்தை, மறைவாக எடுத்துக்கொண்டு வெளியேறினர். வழியிலேயே முதுமையில் அவர் மறைய, திருமேனி பல நாடுகளில் அலைந்து திருமலையில் தங்கி, விசயநகர அரசின் அதிகாரியான கோபண்ணாவின் முயற்சியால் 1371-இல் திரும்பி வந்தது. இடைப்பட்ட ஏறத்தாழ நாற்பத்தெட்டு ஆண்டுகளில் பழைய உருவத்தைக் கண்டறிந்தவர்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டனர். கோயிலிலோ வேறொரு திருமேனி வைக்கப்பட்டு வழிபாட்டில் இருந்தது. வந்திருப்பது பழைய திருமேனிதானா என்ற ஐயம் எழுந்தபோது, பெருமாளின் ஆடைகளை வெளுத்துவந்த ஒரு முதிய வண்ணார், கண்பார்வை இழந்த நிலையில், நீராட்டிய ஈர ஆடையைப் பிழிந்த நீரைக் கொண்டு, அதில் இருந்த பழகிய மணத்தால் இவரே நம் பெருமாள் என்று உரைத்தார் என்றும், நம்பெருமாள் என்னும் பெயர் அதனால் வந்தது என்றும் சொல்வர்.

இதில் படித்த ஆசாரியர் எவராலும் தீர்க்க முடியாத ஐயத்தைத் துணி துவைத்தவர் தீர்த்தார் என்பது ஒரு செய்தி. அதைவிட முக்கியமானது, அவர் எதைக்கொண்டு தீர்த்தார் என்பது. உருவம் கண்ணுக்கு உரியது, கண் போய்விட்டது. உருவத்தைச் செய்து வைக்கவும் முடியும், செய்து வைத்துமிருந்தார்கள். அவருக்கு எஞ்சியிருந்தது பல ஆண்டுகள் கையால் செய்த ஒரு வேலையின் வழியாகப் படிந்த அறிவு. யோக சூத்திரம், அனுபவித்த பொருள் நழுவிப் போகாமல் இருப்பதே நினைவு என்று வரையறுக்கும். அந்த நழுவாமையைக் காத்தது இங்கே ஓர் ஈரத்துணி. தலையணை உறைக்குள் தாயின் புடவையைத் துவைக்காமல் வைத்திருக்கும் மாணவரை மூடர் என்று எண்ணுவோர் இந்த வண்ணாரின் சான்றைத் திருவரங்கம் ஏற்றுக்கொண்டது என்பதை மறந்துவிடுகிறார்கள். அதே ஊரில், பரதன் பதினான்கு ஆண்டுகள் அரியணையில் வைத்து ஆண்ட பாதுகைகளை முன்னிட்டு, அரங்கனின் பாதுகைகள்மீது வேதாந்த தேசிகர் ஆயிரத்துக்கு மேற்பட்ட சுலோகங்களால் பாதுகா சஹஸ்ரம் பாடினார் என்பதையும் சேர்த்து எண்ணினால், புழங்கிய பொருளின் பெருமையை வைணவம் எவ்வளவு தூரம் கொண்டுசென்றது என்பது விளங்கும்.

இவ்வளவு சொன்னபின்னும் தடை ஒன்று நிற்கிறது. துறவு நூல்கள் அனைத்தும் பற்றை விடச் சொல்கின்றன. திருக்குறளிலும் துறவு ஓர் அதிகாரமாகவே இருக்கிறது. சிறுபொருளைக்கூட விடமுடியாதவர் பெரும்பொருளை எப்படி விடுவார் என்று கேட்டால், அக்கேள்வியை எளிதாகத் தள்ள முடியாது. கும்பகோணத்தில் வளர்ந்த கணிதமேதை இராமானுஜன் 1914-இல் கேம்பிரிட்ஜ் சென்றபின் அங்கு நடந்ததாக, அவருடைய நண்பரும் பின்னாளில் புள்ளியியல் அறிஞராகப் பெயர்பெற்றவருமான மகலனோபிஸ் நினைவுகூர்ந்த நிகழ்ச்சி இதற்குப் பொருந்தும். இரவில் குளிர் தாங்காமல் மேலங்கியை அணிந்து சால்வையைப் போர்த்திப் படுப்பதாக இராமானுஜன் சொல்ல, மகலனோபிஸ் படுக்கையைப் போய்ப் பார்த்தார். கம்பளிகள் போதுமான அளவு இருந்தன, ஆனால் அந்நாட்டு முறைப்படி அவை மெத்தையோடு இறுகச் செருகப்பட்டு மேலே விரிப்பு மூடியிருந்ததால், அவற்றை விலக்கி உள்ளே படுக்க வேண்டும் என்பது இராமானுஜனுக்குத் தெரிந்திருக்கவில்லை. இது அறியாமையே தவிரப் பற்று ஆகாது என்று சொல்லலாம், அது சரியே. ஆயினும் பழகிய போர்வையே போர்வை என்று எண்ணும் மனம், தனக்கடியில் நாலு விரற்கடை தூரத்தில் இருக்கும் வெப்பத்தை அறியாமல் நடுங்கக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான படம் கிடைப்பதரிது. பாசம் என்னும் சொல்லின் இரண்டாம் பொருள் இதுதான்.

சைவ சித்தாந்தம் இத்தடைக்குத் தரும் விடை நிதானமானது. உயிர் ஒருபோதும் தனித்து நிற்பதில்லை; எதைச் சார்கிறதோ அதன் தன்மையை அடைவது அதன் இயல்பு, இதைச் சார்ந்ததன் வண்ணமாதல் என்பர். ஆகவே எதையும் சாராதே என்று உயிருக்குச் சொல்வதில் பயனில்லை. எதைச் சார்வது, எதுவரை சார்வது என்பதே கேள்வி. மும்மலங்களுள் ஒன்றாக எண்ணப்பட்டாலும் மாயை முழுவதும் பகையன்று. உடல், கருவிகள், உலகப் பொருள்கள் ஆகியவற்றின் வழியாக அது உயிருக்கு ஓரளவு அறிவை விளக்குகிறது என்னும் கருத்தில், உமாபதி சிவாசாரியர் திருவருட்பயனில் அதனைப் பொழுது விடியும்வரை உதவும் விளக்குக்கு ஒப்பிடுகிறார். விடிந்தபின் விளக்கை எரியவிடுவது வீண்; இருட்டில் அதை ஊதி அணைப்பதோ வைராக்கியத்தின் பெயரால் செய்யும் பேதைமை. முதலாண்டு மாணவரிடம் வீட்டு நினைவை விடு என்று கண்டிப்போர் பெரும்பாலும் இரண்டாவதையே செய்கிறார்கள்.

துறவின் உச்சியில் வைத்துப் போற்றப்படும் ஆதிசங்கரரைப் பற்றித் திருவானைக்காவலில் வழங்கும் மரபு, இந்த நிதானத்துக்கு ஒத்திருப்பது வியப்புக்குரியது. அம்மை உக்கிரமாக இருந்த காலத்தில், அவ்வுக்கிரத்தைத் தாடங்கங்கள் எனப்படும் இரு காதணிகளில் அடக்கி அவளுக்கு அணிவித்து, அவள் பார்வை நேராக விழும்படி எதிரே பிள்ளையாரைச் சங்கரர் நிறுவினார் என்பது அம்மரபு. பிள்ளையின் முகம் கண்முன் இருந்தால் தாயின் சினம் தணியும் என்பது காரணம். துறவியொருவர் தேவியின் அமைதிக்குத் தேர்ந்த வழி, நேசத்துக்குரியவரின் உருவத்தைக் கண்ணெதிரே வைப்பது. மேசையின்மேல் சட்டமிட்ட படத்தை வைக்கும் மாணவரும் இதையே செய்கிறார், பெயர் தெரியாமல் செய்கிறார். தம் தாயின் இறுதிக் கடனைச் செய்ய அதே துறவி ஊர் திரும்பினார் என்று அவருடைய வரலாறுகள் கூறுவதும் இங்கே எண்ணத்தக்கது.

மலைக்கோட்டையில் இருக்கும் தாயுமான சுவாமியின் கதை இன்னொரு பக்கத்தைக் காட்டும். இரத்தினாவதி என்னும் பெண்ணின் பேறுகாலத்துக்கு வரவேண்டிய தாய், காவிரியில் வெள்ளம் பெருகியதால் அக்கரையிலேயே நின்றுவிட, இறைவன் அத்தாயின் வடிவில் வந்து பணிவிடை செய்தார். வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வந்து சேர்ந்தபோது, வந்திருந்தவர் மறைந்தார். இங்கே தெய்வமே மாற்றாக, இல்லாதவரின் இடத்தை நிரப்பும் ஒன்றாக, வருகிறது. உரியவர் வந்ததும் விலகிக்கொள்கிறது. நல்ல நினைவுப்பொருளின் இலக்கணம் இதற்குள் அடங்கிவிடுகிறது. விடுமுறைக்கு ஊருக்குப் போன பிள்ளை, தாய் எதிரில் இருக்கையில் பெட்டியிலிருந்து பழைய புடவையை எடுத்து முகர்ந்துகொண்டிருக்க மாட்டான்.

திருவானைக்காவலின் வெளிமதிலுக்குத் திருநீற்றான் மதில் என்று பெயர். அதனைச் சூழ்ந்த சுற்று விபூதிப் பிராகாரம் எனப்படும். சிவபெருமான் சித்தராக வந்து அதைக் கட்டுவித்ததாகவும், வேலை செய்தவர்களுக்குக் கூலியாகத் திருநீற்றையே கொடுத்ததாகவும், அது அவரவர் உழைப்பின் அளவுக்குப் பொன்னாக மாறியதாகவும் கதை உண்டு. எல்லார் கையிலும் விழுந்தது ஒரே சாம்பல். பொன்னின் எடைதான் ஆளுக்கு ஆள் வேறுபட்டது. வண்ணாரின் ஈரத்துணியும், பெயர் வெட்டிய தம்ளரும் இவ்வகையைச் சேர்ந்தவையே. கோயிலில் வாங்கி மடித்துக் கொடுத்தனுப்பிய திருநீற்றுப் பொட்டலத்தைப் பெட்டியில் போட்டு மறந்துவிடும் பிள்ளைக்கு அது சாம்பலாகவே இருக்கும். நாள்தோறும் காலையில் பிரித்து ஒரு சிட்டிகை எடுத்து மறுபடி மடித்து வைக்கும் பிள்ளைக்கு, அந்த மடிப்பிலேயே வீட்டின் ஒரு செயல் தொடர்கிறது. குறி தானாக எதையும் காட்டிவிடுவதில்லை, அதைச் சுற்றி ஏதேனும் செய்துகொண்டிருக்க வேண்டும்.

இக்கோயிலில் அந்தச் செயல் நின்றுபோகவில்லை. உச்சிக்காலத்தில், அதாவது நண்பகல் பூசையில், அம்பாள் சன்னிதியின் அர்ச்சகர் புடவை உடுத்தி, கிரீடம் அணிந்து, மேள வாத்தியத்தோடு சுவாமி சன்னிதிக்குச் சென்று, நீர் ஊறும் கருவறையில் அபிடேகம் செய்கிறார். அம்மையே தான் திரட்டிய நீரிலிங்கத்தை வழிபட வருவதாக நம்பிக்கை. குருவுக்கும் மாணாக்கிக்கும் உரிய தலம் என்பதால், சுவாமிக்கும் அம்பாளுக்கும் இங்கே இன்றுவரை திருக்கல்யாணம் நடத்துவதில்லை.